நாய் மேல் பிரியமா? வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டும் தொழில்

நாய்களோடு பிழைப்பு நடத்த ஆசையென்றால், வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி நகம் வெட்டிவிடும் வேலையில் தொடங்குங்கள். கடை வாடகை கிடையாது.

முதல் செலவு உங்களுக்கான ரேபிஸ் முன்தடுப்பூசி: 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். போட்டிருந்தாலும், கடிபட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். நாயின் தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

குளியலுக்கு முன்பே சீவுங்கள். சிக்கு விழுந்த முடி நனைந்தால் இன்னும் இறுகும், அப்புறம் கத்தரிதான். வெதுவெதுப்பான நீரும் நாய் ஷாம்பூவும் போதும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவருக்கு அடிமுடி வரை காய வேண்டும், இல்லாவிட்டால் நம்மூர்ப் புழுக்கத்தில் தோல் புண்ணாகிவிடும். "வெயிலுக்கு மொட்டை அடிச்சிடுங்க" என்பார்கள். மறுத்துவிடுங்கள்; அந்த முடிதான் அதன் தோலை வெயிலிலிருந்து காக்கிறது.

பலரும் தடுமாறுவது நகத்தில். வெள்ளை நகத்துக்குள் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு 2 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளி வந்ததும் போதும். ரத்தம் கசிந்தால் சோளமாவை (கார்ன்ஃப்ளார்) வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

உதட்டை நக்குவது, அடிக்கடி கொட்டாவி, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிவது எல்லாம் பயத்தின் அடையாளம். உறுமும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று கால் முடிந்து நான்காவது பாக்கி என்றாலும் நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.