ஓட்டத்தில் நின்றுபோகும் பழைய கார்: கரண்ட் பக்கத்தைச் சோதிப்பது எப்படி?

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். காலையில் வவுனியாவில் ஒழுங்காக ஸ்ராட் ஆகும். மதிய வெயிலில் மாங்குளம் தாண்டியதும் திடீரென்று நிற்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்ப ஓடும். கராச்சுக்குக் கொண்டுபோனால் அங்கே நிற்காது. உடனே ஊகத்தில் ஸ்பார்க்குக்கு வோல்டைக் கூட்டிக் கொடுக்கும் கொயிலை மாற்றுவார்கள், அடுத்த முறை பிளக்கை, அதற்கடுத்த முறை காபரேட்டரைக் கழற்றுவார்கள். காசு போகும், கோளாறு போகாது.

கார் செத்துக் கிடக்கிற அந்தச் சில நிமிடங்களில்தான் கோளாறு கையில் அகப்படும். ஆறிவிட்டால் தப்பிவிடும். எனவே சோதனைச் சாமான் காரிலேயே இருக்க வேண்டும்: இரண்டு நீள வயர் பிடித்த ஒரு 12 வோல்ட் பல்ப், இடைவெளி அளக்கும் பீலர் கேஜ், பிளாஸ்டிக் பிடி போட்ட குறடு, மெல்லிய எமரித் தாள், காய்ந்த துணி, தனியாக ஒரு வயர்த் துண்டு. முடிந்தால் ஒரு ரோட்டரும் (டிஸ்ரிபியூட்டருக்குள் சுழலும் துண்டு) ஒரு கொண்டென்சரும் (பொயின்ற் கருகாமல் காக்கும் சின்ன டப்பா).

இங்கே சொல்வது பொயின்ற் உள்ள கார்களுக்கு மட்டும். பொயின்ற் என்பது பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, கொயிலின் கரண்டை வெட்டிவிடும் தொடுமுனை. எலெக்ரோனிக் இக்னிஷனுக்கு இது பொருந்தாது. ஏ9 வீதியில் பஸ்கள் பறக்கும், ஆகவே காரை நன்றாக ஓரம் கட்டி, கியரை எடுத்து, ஹாண்ட் பிரேக்கைப் போடுங்கள். பெற்றோல் ஒழுக்கு இருந்தால் ஸ்பார்க் சோதனையே வேண்டாம். கொயிலிலிருந்து வரும் தடித்த வயரில் பல ஆயிரம் வோல்ட் ஓடும். அதைக் குறட்டால்தான் பிடிக்க வேண்டும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டவும் வரக்கூடாது.

எப்படி நின்றது?

திறப்பைத் திருப்பி நிறுத்தியது போலப் பட்டென்று நின்றதென்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம். இழுபட்டு, துள்ளி, மூச்சு வாங்கி நின்றதென்றால் பெற்றோல் பக்கத்தை முதலில் பாருங்கள். ராங்க் மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து, திறப்பைப் போட்டு டாஷ்போட்டின் சிவப்பு லைற்றைப் பாருங்கள். எரியாவிட்டால் இக்னிஷன் சுவிச்சுக்கோ அதற்கு வரும் வயருக்கோதான் வருத்தம்.

ஸ்பார்க் வருகிறதா?

டிஸ்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும் தடித்த வயரைக் கழற்றி, அதன் நுனியை என்ஜின் இரும்பிலிருந்து 6 மில்லிமீற்றர் தள்ளிப் பிடியுங்கள். ஒருவர் ஸ்ராட்டரைச் சுற்றட்டும். சடசடவென்று நீலமாகப் பாய்ந்தால் கொயில் வரைக்கும் சுகம். கோளாறு ரோட்டர், மூடி, பிளக் வயர் பக்கம். மெல்லிய மஞ்சள் பொறி என்றால் கொண்டென்சர், பொயின்ற், கொயில் மூன்றிலும் சந்தேகம். ஒன்றுமே இல்லையென்றால் பல்ப்பை எடுங்கள்.

ரோட்டரைப் பற்றி ஒரு சொல். இப்போது கடையில் கிடைக்கிற மலிவு ரோட்டர்கள் பல சூட்டில் உள்ளுக்குள்ளேயே கரண்டைத் தண்டுக்கு விட்டுவிடுகின்றன. பார்த்தால் புதிதாகவே இருக்கும். மூடியைக் கழற்றி, தடித்த வயரின் நுனியை ரோட்டரின் பித்தளைக்கு மேலே 3 மில்லிமீற்றரில் பிடித்து, திறப்பைப் போட்டுப் பொயின்றைக் காய்ந்த குச்சியால் திறந்து மூடுங்கள். பித்தளைக்குப் பொறி தொடர்ந்து பாய்ந்தால் ரோட்டர் ஒழுகுகிறது, எறிந்துவிடுங்கள். மூடியின் உள்ளே நடுவிலிருக்கும் கரித்துண்டு தேய்ந்ததா, கறுப்புக் கோடு ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். மாரி காலமென்றால் காய்ந்த துணியால் துடைத்தாலே பாதிப் பேருக்கு வேலை முடியும்.

பல்ப் சோதனை

பழைய லூக்காஸ் கொயிலில் எஸ்.டபிள்யூ, சி.பி என்று இரண்டு முனை இருக்கும். முதலாவது சுவிச்சிலிருந்து வருவது, இரண்டாவது பொயின்றுக்குப் போவது. பல்ப்பின் ஒரு வயரை காரின் பொடியில் (இரும்பு உடலில்) பிடியுங்கள். இந்தக் கார்களில் பெரும்பாலும் பற்றறியின் பிளஸ்தான் பொடியில் இருக்கும். பல்ப்புக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை.

திறப்பைப் போட்டு எஸ்.டபிள்யூவில் தொடுங்கள். எரியாவிட்டால் பற்றறியின் பொடியில் சேராத முனையிலிருந்து தனி வயர் இழுத்து எஸ்.டபிள்யூவுக்குக் கொடுங்கள். கார் ஓடினால் சுவிச் அல்லது வயர்தான். அப்படியே மெதுவாக வீட்டுக்குப் போகலாம், ஆனால் நிறுத்துவதற்கு அந்த வயரைக் கழற்ற வேண்டும்.

எஸ்.டபிள்யூவில் எரிந்தால் சி.பிக்கு மாற்றி என்ஜினைச் சுற்றுங்கள். விட்டு விட்டு மின்னினால் பொயின்ற் வேலை செய்கிறது. எந்நேரமும் எரிந்தபடி இருந்தால் பொயின்ற் தொடவில்லை, அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. ஒருபோதும் எரியாவிட்டால் சி.பியிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றி, கொயிலின் சி.பி முனையில் திரும்பத் தொடுங்கள். இப்போது எரிந்தால் டிஸ்ரிபியூட்டருக்குள் எங்கோ பொடியில் முட்டுகிறது. கொண்டென்சரும் அப்படி முட்டும். அப்போதும் எரியாவிட்டால் கொயிலின் உள்சுற்று அறுந்துவிட்டது.

டிஸ்ரிபியூட்டருக்குள்

பொயின்ற் இடைவெளி 15 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீற்றர். பொயின்றின் அடிக்கட்டை தேயத் தேய இடைவெளி சுருங்கும், ஒரு நாள் திறக்கவே திறக்காது. வன்னியின் கிரவல் தூசிக்கு எமரியால் ஒரு தடவு, துணியால் ஒரு துடைப்பு. அடிக்கட்டையைத் தள்ளிப் பொயின்றைத் திறக்கும் கேமில் துளி கிறீஸ் பூசினால் தேய்மானம் குறையும்.

மெக்கானிக்மார்கூடத் தவறவிடுவது உள்ளே இருக்கும் சின்ன நெளிவு வயர். பொயின்ற் தட்டு வக்கியூம் இழுவைக்கு அசையும்போது அதுவும் வளையும். வருடக்கணக்கில் வளைந்து, மேல்உறை நல்லாயிருக்க உள்கம்பி மட்டும் அறும். ஓட்டத்தில் விடும், நின்றதும் சேரும். வக்கியூம் குழாயை வாயால் உறிஞ்சித் தட்டை அசைத்துக்கொண்டே சி.பியில் பல்ப்பைப் பிடியுங்கள். பொயின்ற் மூடியிருக்கும்போது பல்ப் அணைந்திருக்க வேண்டும். தட்டு அசைய எரிந்தால் அந்த வயர்தான், அல்லது தட்டைப் பொடியோடு சேர்க்கும் எர்த் வயர்.

கொயிலும் கொண்டென்சரும்

வெயிலில் மட்டும் நிற்கும் காருக்கு இவை இரண்டும் பழைய குற்றவாளிகள். ஈரத்துணியைக் கொயிலில் சுற்றிச் சற்று நேரத்தில் ஸ்பார்க் திரும்பினால் கொயில். சி.பிக்கும் பொடிக்கும் நடுவே கையிலிருக்கும் கொண்டென்சரை வெளியே பிடித்து, பழையதைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பார்க் பலமானால் பழையது செத்தது. புதுக் கொயில் வாங்கும்போது 3 ஓம் கொயிலாகக் கேளுங்கள். பலாஸ்ற் (கொயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்ரர்) வைத்த கார்களுக்கான 1.5 ஓம் கொயிலை நேரே போட்டால் அதுவும் கொதிக்கும், பொயின்றும் கருகும். என்ஜின் ஓடாமல் திறப்பைப் போட்டபடி விடுவதும் கொயிலுக்குக் கேடு.

போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய மெக்கானிக்மார் இப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள். இந்தச் சோதனைகளை அவர்கள் காதாலேயே செய்வார்கள். உங்களுக்குப் பல்ப் போதும்.

எல்லாம் பார்த்தும் பிடிபடாத கார் என்றால் இதைச் செய்யுங்கள். எஸ்.டபிள்யூ முனையிலிருந்து நீள வயர் எடுத்து, பல்ப்பை டாஷ்போட் வரை கொண்டுவந்து கட்டி, மறுமுனையைப் பொடியில் இறுக்குங்கள். மாங்குளத்தால் திரும்பி ஒட்டுசுட்டான் வரைக்கும் மதியத்தில் ஓட்டுங்கள். கார் விடும் நொடியில் பல்ப் அணைந்தால் சுவிச் பக்கம், எரிந்தபடி நின்றால் கொயிலும் அதற்கு அப்பாலும். பாதையைப் பார்க்க வேண்டியவர் நீங்கள், ஆகவே பல்ப்பைப் பார்க்கப் பக்கத்து சீற்றில் ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள்.