பெரட்டில் ஆட்களை வாய் திறக்க வைப்பது எப்படி

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில் எனக்கு ஐந்து லோரி, பின்பக்கம் ஒரு சின்னப் பட்டறை, 14 ஆட்கள். வேலை தொடங்கும் முன் காலையில் ஆட்களைக் கூட்டுவதைத்தான் இங்கே பெரட்டு என்போம். ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போவது எங்கள் தொழில். குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலையில் ஆவியில் வேக வைத்துவிட வேண்டும். தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, கொட்டுகிற மழையில், எட்டு டன் குலையோடு எங்கள் லோரி நடுவழியில் நின்றது. பின் சக்கரத்து பேரிங் போய்விட்டது. சரக்கை வேறு லோரிக்கு மாற்றி ஆலைக்குக் கொண்டுசேர்க்க இரண்டு இரவு ஆனது. பழைய குலை என்று காசைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி, லோரியில் உதவிக்குப் போகும் கெலிண்டான் பையன் மெதுவாகச் சொன்னான்: "போன வாரமே அந்தச் சக்கரம் சத்தம் போட்டுச்சுக்கா. போர்மன் அண்ணன்கிட்ட சொன்னேன்." ஆட்களை மேற்பார்க்கும் போர்மனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "லோரியை நிறுத்தினா நீங்க சத்தம் போடுவீங்கம்மா, அதான் பேசாம இருந்துட்டேன்" என்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் அவர்.

மறுநாள் நான் செய்ததையே நீங்களும் செய்து பாருங்கள். ஒரு தாளில், உங்கள் கடையில் கடைசியாக வந்த பத்துக் கோளாறுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, முதலில் யாருக்குத் தெரிந்தது, அவர் யாரிடம் சொன்னார், உங்கள் காதுக்கு எப்போது வந்தது என்று குறியுங்கள். யார் எந்தப் பதவி என்று கட்டம் கட்டமாக வரைவதைவிட இந்தத் தாள் உங்கள் தொழிலை ஒழுங்காகக் காட்டும். என் தாளில் பத்தில் ஏழு, கெலிண்டான்களுக்குத்தான் முதலில் தெரிந்திருந்தது. ஏழும் போர்மனோடு நின்றுபோயிருந்தன.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். அவர் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்குபவர். விடியும் முன்னே பெரட்டுக் களத்தில் நின்று பெயர் வாசிப்பார். ஆட்கள் "ஐயா" என்பதற்கு மட்டும் வாய் திறப்பார்கள். தோட்ட நிர்வாகியான துரை சொன்னது கணக்குப்பிள்ளையான கிராணிக்கு, கிராணி சொன்னது மண்டோருக்கு, மண்டோர் சொன்னது ஆளுக்கு. திரும்பி மேலே போக வழியே கிடையாது. அதற்கும் முந்தி, ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து வேலை வாங்கிய கங்காணி காலத்தில், வேலைக்கு வந்த ஆளைக் கணக்குப் பண்ணிக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அவரைப் பற்றி யாரிடம் போய்க் குறை சொல்வது? இங்கே பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனையை வியாபாரத்துக்காக நட்டார்கள். அப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்த நான், அந்தப் பெரட்டை அப்படியே என் பட்டறைக்குள் கொண்டுவந்து வைத்திருந்தேன். இதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல நாள் ஆனது.

பெரட்டை நிறுத்தவில்லை, முறையை மட்டும் மாற்றினேன். காலை 6.15-க்கு, பத்தே நிமிஷம், எல்லாரும் தேத்தண்ணீர் கையில். வயதில் சிறியவர் முதலில் பேசுவார், போர்மன் கடைசிக்கு முன், நான் கடைசி. நான் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் என் பேச்சுக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்காதீர்கள், "இல்லைக்கா" என்றுதான் வரும். "நேற்று மூன்றாம் லோரி மேட்டில் ஏறும்போது எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் இருக்க முடியாது. வந்த பதிலைப் பலகையில் எழுதி, பக்கத்தில் யார் பார்க்கப்போகிறார், எந்த நாளைக்குள் என்றும் எழுதுங்கள். ஒருவர் சொன்ன விஷயம் பலகையில் ஒரு வாரம் அப்படியே கிடந்தால், அவர் மறுபடி வாய் திறக்க மாட்டார்.

போர்மனைத்தான் மிகவும் பக்குவமாகப் பார்க்க வேண்டும். அவரைத் தாண்டி ஆட்கள் நேராக உங்களிடம் வரும்படி செய்தால், மனிதர் உடைந்துபோவார். நான் அவரைத் தனியாக உட்காரவைத்து, "லோரியை நிறுத்துற முடிவு இனிமே உங்களோடது, என்னைக் கேட்க வேண்டாம், நட்டம் வந்தா நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அடுத்த வாரமே ஒரு லோரியை நிறுத்தினார். திறந்து பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை, ஒரு நடை போனது. அன்று நான் முகம் சுளித்திருந்தால் எல்லாமே அதோடு முடிந்திருக்கும்.

இன்னொன்று, ஒரு ஆளுக்கு ஒருவர்தான் வேலை சொல்ல வேண்டும். என் பட்டறைப் பையனுக்கு நான், போர்மன், என் தம்பி என்று மூன்று பேர் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியாகச் சொன்னவர் வேலைதான் நடந்தது.

வாட்ஸ்அப் குழுவில் யாரையும் திட்டாதீர்கள். அவசரம் என்றால் போன் போடுங்கள். எங்களிடம் நேப்பாளத் தம்பி ஒருவன் இருப்பதால் குழுவில் மலாயில், குரல் பதிவாகத்தான் பேசுகிறோம்.

சம்பளத்தைச் சொல்லாமல் விட முடியாது. சட்டப்படி அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கையில் போய்ச் சேர வேண்டும், 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேர வேலைதான். இதில் நீங்கள் இழுத்தடித்தால், காலையில் எத்தனை கேள்வி கேட்டும் பயனில்லை.

முதல் இரண்டு வாரம் யாரும் பேச மாட்டார்கள். அந்த அமைதியை நீங்களே பேசி நிரப்பாமல் பொறுத்திருங்கள். எங்கள் பட்டறையில் 12-ஆம் நாள்தான் அந்த நேப்பாளத் தம்பி கையைத் தூக்கினான். "பிரேக் லெம்பிக்" என்றான். மிதித்தால் மெத்தென்று இறங்குகிறது என்று காலை வைத்துக் காட்டினான். போர்மன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, தானே லோரிக்கு அடியில் நுழைந்தார். அன்று அந்த லோரி ஒன்பது மணிக்குத்தான் கிளம்பியது.