வாணலியின் அடியில் ஒரு கோள்

பல வருடம் அடுப்பில் கிடந்து கரியேறிய வாணலி இருந்தால் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். கீறல்கள், துருப்புள்ளிகள், தீய்ந்த எண்ணெய் விட்டுப்போன பழுப்புத் திட்டுகள் எல்லாம் சேர்ந்து யாரும் போகாத ஒரு கோளின் தரை மாதிரியே இருக்கும். ஆனால் அறை விளக்கில் படம் எடுத்தால் வாணலிதான் தெரியும்.

எல்லாமே வெளிச்சத்தில்தான் இருக்கிறது. நிலவில் காற்று இல்லை, வெளிச்சத்தைச் சிதறடிக்க எதுவும் இல்லாததால் நிழல் கன்னங்கரேலென்று விழுகிறது. நமக்கும் அதுதான் வேண்டும். அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு டார்ச்சை வாணலியின் மட்டத்துக்கே தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள், அடி வளைவாக இருப்பதால் ஒரு பக்கம் பிறையாக ஒளிர்ந்து மறுபக்கம் இருட்டில் கரைந்துபோகும், கீறல்கள் பள்ளத்தாக்குகளாக எழுந்து நிற்கும். பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழலை வெளுக்கடிக்கும், அதனால் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள், கைப்பிடிகளையும் அதிலேயே மறைத்துவிடலாம்.

செல்போனில் எடுத்தால் நைட் மோடை அணைத்துவிட்டு, திரையில் பிரகாசமான இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். ரொம்பக் கிட்டே போகாதீர்கள், பின்பகுதி மங்கினால் சின்னப் பொருள் என்று உடனே தெரிந்துவிடும். சற்றுத் தள்ளி நின்று எடுத்துவிட்டு வெட்டிக்கொள்ளுங்கள். பெரிய கேமரா என்றால் லென்ஸின் துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்குங்கள், முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும்; கேமரா அசையாமலிருக்க ட்ரைபாட் வையுங்கள்.

நட்சத்திரங்களைத் தயவுசெய்து ஒட்டாதீர்கள். 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் எடுத்த படங்களிலேயே வானம் வெறும் கறுப்புதான், வெயில் அடிக்கும் தரைக்கு ஏற்ப எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு, வைத்தால் நட்சத்திரம் பதியாது.

பள்ளங்கள் வேண்டுமென்றால் தட்டில் சாம்பலைச் சலித்துப் பரப்பி, கூழாங்கல்லை நேர்கீழாகப் போட்டு, மெல்ல எடுத்துவிடுங்கள். எடுத்த படத்தில் பள்ளம் மேடாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வெளிச்சம் மேலிருந்து வரும்படி படத்தைத் திருப்புங்கள், சரியாகிவிடும். மேலிருந்து விழும் வெளிச்சத்துக்கே நம் கண் பழகியிருக்கிறது.

சோப்புப் படலத்திலும் ஒரு கோளை எடுக்கலாம், அதற்கு மட்டும் இந்த டார்ச் ஒத்துவராது. கம்பி வளையத்தைச் சோப்பு நீரில் தோய்த்து நிமிர்த்திப் பிடித்து, பின்னால் கறுப்புத் துணியும் முன்னால் வெள்ளைத் தாள் வழியாக வரும் பரந்த வெளிச்சமும் வையுங்கள். வியாழனின் பட்டைகள் மாதிரி நிறங்கள் இறங்கிவரும். படலம் மெலிய மெலிய உச்சி கறுப்பாகும், அப்போது கோளின் விளிம்புக்கு மேல் விண்வெளி திறந்ததுபோல் இருக்கும். அடுத்து உடைந்துவிடும், அதற்குள் அழுத்திவிடுங்கள்.