பனிப்புயலும் சென்னை மழைப் பழக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தச் சென்னைவாசிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலும் மெழுகுவத்தியும் வாங்கி வைப்போம், மேல்நிலைத் தொட்டியை நிரப்புவோம், வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். கனடாவின் மான்ட்ரியாலிலோ டொராண்டோவிலோ, அமெரிக்காவின் பஃபலோவிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க டிசம்பரில் விமானம் ஏறும் பெற்றோர் அங்கே செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்த மழைக்காலப் பழக்கத்தைப் பெட்டியோடு சேர்த்து எடுத்துச் செல்வதால் நேர்பவை.

காரையே எடுத்துக்கொள்வோம். பனிப்புயல் அறிவிப்பு வந்தபின் காரைத் தெருவோரத்தில் விட்டுவைத்தால், அது பனி அகற்றும் வண்டிகளுக்கு முட்டுக்கட்டையாகிவிடும். மான்ட்ரியாலில் பனியை அள்ளுவதற்கு முன்பு இழுவை வண்டிகள் சைரன் ஒலித்தபடி தெருவில் வரும். அதற்குப் பிறகும் எடுக்கப்படாத கார் இழுத்துச் செல்லப்படும், அபராதமும் உண்டு.

இதைவிடப் பெரிய தவறு, பனியில் சிக்கிய காரை விட்டு இறங்கி நடப்பது. வெள்ளத்தில் கார் நின்றுவிட்டால் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் வீடு வந்து சேர்ந்தவர்கள் நம்மில் பலர். பனிப்புயலிலோ எதிரே நீட்டிய கையே தெரியாது; பத்து வீடு தள்ளியிருக்கும் வாசல்கூடத் தட்டுப்படாமல் போகலாம். 2022 டிசம்பரில் பஃபலோவைத் தாக்கிய பனிப்புயலில் அந்த வட்டாரத்தில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் வெளியில் கிடந்தவர்களும் காருக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு. ஆகவே காருக்குள் இருப்பதிலும் கவனம் வேண்டும். ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடுமுன் பின்புறப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றிவிட வேண்டும். குழாய் அடைபட்டால், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறைந்துவிடும். எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டாமல், மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டி, காற்று வராத பக்கத்துக் கண்ணாடியைச் சற்றே இறக்கி வைப்பது நல்லது. மின்சாரம் போன வீட்டுக்குள் கரி அடுப்பை மூட்டிக் குளிர்காய்வதும் இதே வாயுவால்தான் ஆளைக் கொல்கிறது.

கைப்பேசியில் தெரியும் வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கிளம்புவதும் தவறு. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். மார்கழியில் 21 டிகிரிக்கே குரங்குக் குல்லாய் மாட்டுகிற நமக்கு மைனஸ் 10 என்பதே கற்பனைக்கு எட்டாதது. அந்த மைனஸ் 10இல் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடல் உணர்வது ஏறத்தாழ மைனஸ் 20. பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணையே.

உடை விஷயத்தில் நம்முடைய பருத்திப் பற்று காலை வாரிவிடும். ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பருத்தி, நனைந்தபின் உடல் சூட்டைக் காப்பதில்லை. என் அம்மா முதன்முறை போனபோது, கனத்த கோட்டுக்குக் கீழே வழக்கமான சுங்குடிச் சேலையோடு அடுத்த தெருக் கடைக்குப் போனார். சேற்றுப்பனியில் நனைந்த கொசுவத்தின் ஓரம் திரும்பி வருவதற்குள் காய்ந்த அப்பளம்போல் விறைத்திருந்தது. உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, நடுவில் ஸ்வெட்டர், வெளியே காற்றும் நீரும் புகாத கோட்டு என்பதே சரியான அடுக்கு. அன்று அம்மாவின் மரத்துப்போன கால்விரல்களில் தைலம் தேய்க்கத்தான் முதலில் கை போயிற்று. அதுவும் தவறு. உறைபனி தாக்கிய இடத்தைத் தேய்த்தால் திசு சிதையும், கொதிக்கும் வெந்நீர் உணர்விழந்த தோலைப் புண்ணாக்கிவிடும். 37 முதல் 39 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி வைப்பதே முறை.

பனி நின்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். இங்கே மழை விட்டதும் வெயில் அடிக்குமே! அங்கே பெரும்பாலும் புயலுக்குப் பின்னால்தான் வடதுருவக் குளிர்காற்று இறங்குகிறது. பகலில் உருகிய நீர் இரவில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் படலமாக உறைகிறது. அதை உருக்க, மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பைத் தூவியும் அதிகப் பயனில்லை.

அப்போதுதான், சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாத அப்பாக்கள் மண்வாரியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்குவார்கள். 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கிடக்கும் புதுப்பனி சதுர மீட்டருக்கு 30 கிலோ அளவுக்குக் கனக்கும். கார் நிறுத்தும் பாதை 30 சதுர மீட்டர் என்றால் ஒரு டன்னை நெருங்கிவிடும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் நேரத்தில் இந்தச் சுமையைத் தூக்குவது மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம் என்பதால், இதயக் கோளாறு உள்ளவர்கள் மண்வாரியைத் தொடவே கூடாது. மற்றவர்கள் பனியைத் தூக்கி எறியாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி ஒதுக்கலாம். நெஞ்சில் லேசான இறுக்கம் தெரிந்தாலும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அங்குள்ள அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க வேண்டும். வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று சோம்புநீர் குடித்துக் காத்திருக்கக் கூடாது.