ஆர்எஸ்வி எதிர்ப்பொருள் ஆய்வில் கைக்குழந்தையைச் சேர்ப்பவர்களுக்கு

ஆர்எஸ்வி என்பது மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் தாக்கும் வைரஸ். அதை எதிர்க்கும் புரதம்தான் எதிர்ப்பொருள். ஆர்எஸ்வி எதிர்ப்பொருள் ஊசி தடுப்பூசி அன்று. தடுப்பூசி போட்டால் உடம்பே எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்ளும். இதில் அதைத் தயாராகவே செலுத்திவிடுகிறார்கள். நாளாக ஆகக் குறையும். இவ்வகை மருந்தான நிர்செவிமாப் உடம்பில் ஏறத்தாழ 70 நாளில் பாதியாகிறது, 150ஆம் நாளில் கால் பங்குகூட மிஞ்சாது. குளிர்நாடுகளில் அதற்குள் ஆர்எஸ்வி பருவமே முடிந்துவிடும். சிங்கப்பூரில் அது ஆண்டு முழுதும் பரவுவதால் எந்த மாதத்திலும் கவனம் தளரக்கூடாது.

தகவல் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து படித்த பிறகே கையெழுத்திடுங்கள். புரியாத பகுதியைத் தமிழில் விளக்கச் சொல்லலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குப் போடும் மருந்தில்லாத ஊசி உங்கள் குழந்தைக்கு விழும் வாய்ப்பு எவ்வளவு, எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், பாதிப்பு வந்தால் செலவு யாருடையது என்று கேட்டுவிடுங்கள். கர்ப்பத்தின்போது தாய் ஆர்எஸ்வி தடுப்பூசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்கும் வந்திருக்கும், முடிவு குழம்பும். எப்போது வேண்டுமானாலும் விலக உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசி போடும் அன்றே எடை பார்க்கவேண்டும், உடையும் டயப்பரும் இல்லாமல். நிர்செவிமாப் அளவு 5 கிலோவுக்குக் கீழே 50 மில்லிகிராம், 5 கிலோவும் அதற்கு மேலும் 100. போன வாரம் பலதுறை மருந்தகத்தில் குறித்த 4.8 கிலோ இன்று 5 ஆகியிருக்கலாம். ஊசி தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் போடப்படும். பிறகு உடனே கிளம்பாதீர்கள். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே தெரியும்.

இனி வேலை வீட்டில்தான். ஆய்வுகள் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான். "சளிதானே" என்று பாட்டி கற்பூரவல்லிச் சாறு கொடுத்துவிட்டு நாலு நாள் பார்ப்பார். அதற்குள் மூக்கில் கிருமியின் அளவு குறைந்து, பரிசோதனையில் அகப்படாமல் போகலாம். வந்த நோய் கணக்கில் வராவிட்டால் மருந்து உண்மையைவிட நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றும். ஆகவே மூக்கொழுகல் தொடங்கிய அன்றே ஆய்வுத் தாதியை அழையுங்கள். கொடுத்த கைவைத்தியத்தையும் சொல்லுங்கள். பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் அந்த எண் தெரிந்திருக்கட்டும்.

மூச்சை எண்ணும் முறை: குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கக்கூடாது. கைக்குழந்தை சில நொடி நிறுத்தி நிறுத்தி மூச்சுவிடும், கணக்குத் தப்பும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60ம் அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம் வரை 50ம் அதற்கு மேலும் மிகையான வேகம். மூச்சு அந்த வேகத்தை எட்டினாலும், விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே குழிந்தாலும், பால் குடிப்பது பாதியாகக் குறைந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். உதடு நீலமானால், மூச்சு வழக்கமான சில நொடியைவிட நீண்டு நின்றுநின்று வந்தால் உடனே 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். ஆய்வுக் குழுவுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

குழந்தைக்குக் கிடைத்தது மருந்தா இல்லையா என்று அறிய வெளியே ரத்தப் பரிசோதனை செய்யாதீர்கள். தெரிந்துவிட்டால் சளியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஆய்வு முடிந்து விவரம் வெளியிடப்படும்போது எந்த ஊசி என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, குழந்தையின் சுகாதாரக் கையேட்டில் வையுங்கள். அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு அது தேவைப்படும்.