தலையங்கத்தில் தொடங்காதீர்கள்: கல்லூரிக்கு முன் வாசிப்பும் எழுத்தும்

பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில் முடிகிறது. கல்லூரி திறக்க ஜூன், ஜூலை ஆகிவிடும். நடுவில் ஏறக்குறைய 12 வாரம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மதுரைக் கல்லூரிகளுக்கு வரும் தமிழ்வழிப் பிள்ளைகள் பலருக்கு, பாடம் விளங்காததைவிட விளங்கியதைச் சொந்த வாக்கியத்தில் எழுத வராததே முதல் செமஸ்டரில் காலை வாருகிறது. பள்ளியில் கைடில் உள்ளதை ஒப்பித்தால் மார்க் வந்தது. கல்லூரியில் கைடு கிடைத்தாலும் கேள்வி அதே வார்த்தைகளில் வருவதில்லை. இதைச் சரிக்கட்ட விடுமுறையில் உட்காருகிறவர்கள் உழைப்பில் குறை வைப்பதில்லை. தொடங்கும் இடத்தைத்தான் தப்பாகப் பிடிக்கிறார்கள்.

"தினம் இங்கிலீஷ் பேப்பர்ல தலையங்கத்தைப் படிப்பா" என்று சொல்ல வீட்டுக்கு ஒரு சித்தப்பா இருப்பார். தலையங்கம், விஷயம் ஏற்கெனவே தெரிந்தவருக்காக எழுதப்படுவது. வட்டி விகிதம் பற்றிய தலையங்கத்தில் விஷயமும் தெரியாது, சொல்லும் தெரியாது என்றால் எதைப் பிடித்து எதை ஊகிப்பது? நாலாம் நாள் பேப்பர் மடித்தபடியே கிடக்கும்.

அதே பேப்பரில் மதுரைப் பக்கத்தைத் திருப்புங்கள். வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி, 69 அடியைத் தொட்டதும் கரையோரத்துக்கு மூன்றாம் வெள்ள எச்சரிக்கை வரும் என்பது சோழவந்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். அந்தச் செய்தியில் 'இன்ஃப்ளோ', 'டிஸ்சார்ஜ்', 'க்யூசெக்ஸ்' என்று வந்தால் நீர்வரத்து, வெளியேற்றம், வினாடிக்கு இத்தனை கன அடி என்று எண்களே காட்டிக்கொடுத்துவிடும். மாட்டுத்தாவணியில் மல்லிகை விலை, சித்திரைத் திருவிழாப் போக்குவரத்து மாற்றம் எல்லாம் இப்படித்தான். தெரிந்த விஷயத்தில் தெரியாத சொல் தானாக ஒட்டும். இரண்டு மாதம் இதில் பழகியபின் தலையங்கத்துக்குப் போகலாம்.

கடினம் பார்க்க எளிய அளவு ஒன்று உண்டு. 100 சொல்லை எண்ணிக்கொண்டு, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்குங்கள். ஒரு கை விரல்களுக்குள் நின்றால் அந்தப் புத்தகம் சரி. இரண்டு கையும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். இந்த அளவுப்படி சிலருக்குச் சிறுவர் கதைப் புத்தகம்தான் பொருந்தும். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. போட்டித் தேர்வுப் புத்தகங்களின் நடுவே இடம் பிடித்து உட்கார்ந்து ஒரு பக்கமும் நகராமல் இருப்பதைவிட, கூச்சத்தை விட்டு ஒரு சிறுவர் புத்தகத்தை முழுசாக முடிப்பது மேல்.

அகராதியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதும் கெடுதல். முதல் வாசிப்பில் அதைத் தொடவே கூடாது. இரண்டாம் வாசிப்பில், எந்தச் சொல் இல்லாமல் வாக்கியமே நிற்காதோ அதை மட்டும் பாருங்கள். நாளுக்கு ஐந்து போதும். சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதுங்கள்.

அடுத்த தவறு, பார்த்து எழுதுவது. இரண்டு பக்கம் பார்த்து எழுதினால் கை வேலை செய்யும், மூளை தூங்கும். கையெழுத்துக்கு உதவலாம், எழுத்துக்கு உதவாது. 150 சொல் உள்ள ஒரு பத்தியை எடுத்து இரண்டு தரம் படியுங்கள். மூடிவிட்டுப் பத்து நிமிடத்தில் நினைவில் நிற்பதை எழுதுங்கள். பிறகு திறந்து, வேறு மையில் விட்டதைச் சேருங்கள். பெயரும் எண்ணும் விட்டிருந்தால் கவனக் குறைவு. 'ஆனால்', 'அதனால்' மாதிரியான இணைப்புகள் விட்டிருந்தால் பத்தி புரியவே இல்லை என்று அர்த்தம். ஒருநாள் தமிழ், மறுநாள் ஆங்கிலம்.

தமிழ் எதற்கு என்று கேட்பவர்கள்தான் அதிகம், பெரிய தவறும் அதுதான். கலை அறிவியல் கல்லூரியில் முதல் பகுதி தமிழ்த்தாள் காத்திருக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழில் ஒரு பத்தி நேராக எழுதாத கை ஆங்கிலத்திலும் எழுதாது. நம் பேச்சில் ஒரே வாக்கியம் இப்படி ஓடும்: "பஸ் லேட்டா வந்ததால கிளாஸுக்குப் போக முடியாம லைப்ரரியில உக்காந்து படிச்சிட்டு வந்தேன்." முற்று ஒன்றுதான், மற்ற வினைகள் பெரும்பாலும் எச்சம். 'நான்' என்ற சொல்லே இல்லை. 'வந்தேன்' என்பதன் கடைசியில் உள்ள 'ஏன்' அதைச் சுமக்கிறது. இதை அப்படியே ஆங்கிலமாக்கினால் எழுவாய் இல்லாத, முடியாத வாக்கியம் வரும். மாணவர் இலக்கணப் புத்தகத்தில் காலங்களைத் தேடிக்கொண்டிருப்பார், கோளாறு அங்கே இருக்காது. முதலில் தமிழிலேயே உடையுங்கள்: பஸ் தாமதமாக வந்தது. நான் வகுப்பைத் தவறவிட்டேன். நான் நூலகத்தில் படித்தேன். ஒவ்வொன்றிலும் யார், என்ன செய்தார் என்று இருக்கிறதா பாருங்கள். அதற்குப் பிறகு ஆங்கிலம்.

எழுத்துப் பிழைக்கும் நம் ஊர்க் காரணம் ஒன்று உண்டு. இங்கே பலர் நாக்கில் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிவிடும். ர, ற வித்தியாசமும் பேச்சில் கேட்பதில்லை. காதை நம்பி எழுதினால் பிழைதான் வரும். கண்ணுக்குத்தான் பழக்க வேண்டும். தப்பும் சொற்களை இரண்டிரண்டாக நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாள் – வாழ், கரை – கறை, மனம் – மணம்.

செல்போன் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் தானே எழுதி, பிறகு ஒப்பிட்டால் உதவும். வரிசை மாறினால் வெறும் நகல்.

திருத்துகிறவர்களும் தவறு செய்கிறார்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை போட்டால் பிள்ளை அடுத்த தடவை நோட்டையே காட்டாது. ஒரு வாரம் முற்றுப்புள்ளி மட்டும், அடுத்த வாரம் ள, ழ மட்டும் என்று ஒரு வகைப் பிழையையே பிடியுங்கள். மற்றதைக் கண்டும் காணாமல் விடுங்கள், அதன் முறையும் வரும்.

வகுப்பில் ஆசிரியர் சொல்வதை எல்லாம் எழுத முயல்வது பள்ளி டிக்டேஷனின் மிச்சம். தாளில் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு, வலப்பக்கம் குறிப்பு எடுங்கள். அன்று மாலையே இடப்பக்கத்தில், அந்தக் குறிப்பு எந்தக் கேள்விக்கு விடை என்று எழுதுங்கள். கேள்வியின் வினைச்சொல்லையும் கவனியுங்கள். 'டிஃபைன்' என்றால் ஓரிரு வரி. 'கம்பேர்' என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒன்றைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதினால் பாதிக் கேள்விக்குத்தான் விடை.

கடைசி மூன்று வாரம் கடிகாரம் வேண்டும். செமஸ்டர் தேர்வு மூன்று மணி நேரம், கையால். டைப் செய்தே பழகிய விரல் முக்கால் மணியில் வலிக்கும். 20 நிமிடத்தில் ஒரு பக்கம் என்று தொடங்கி, வாரம் ஒரு 20 நிமிடம் கூட்டுங்கள். எழுதி முடித்ததும் இரண்டு நிமிடம் வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே ஒரு முற்றுப்புள்ளி குறைகிறது.