செம்பனை ஓரத்தில் காட்டைத் திரும்ப வரவைப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்து ஓடைக்கரையில் பழைய காட்டு மரங்களை வளர்க்க ஆசையா? கன்று வாங்க ஓடாதீர்கள். முதலில் ஓடையின் தலைப்பு வரை நடந்து பாருங்கள். செம்பனை நட முடியாத பாறைச் சரிவிலோ கோயிலுக்குப் பின்னால் உள்ள பள்ளத்திலோ நாலைந்து பெரிய மரங்களும் அடியில் காட்டு இஞ்சியும் தப்பிப் பிழைத்திருக்கும். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பனியுகக் காடுகள் மீண்டதும் இப்படித்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் 120 மீட்டர் அளவு தாழ்ந்து, நம் மலாய் தீபகற்பமும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலமாகக் கிடந்த காலத்தில், ஐரோப்பாவின் ஓக் மரங்கள் ஸ்பெயின், இத்தாலி, பால்கன் பக்கம் ஒதுங்கி உயிர் பிழைத்தன. பனி விலகியதும் வடக்கே ஏறின. தாய்மரத்தடியில் விழும் கனத்த கொட்டை அவ்வளவு தூரம் எப்படிப் போனது என்று 1899-இல் கிளெமென்ட் ரீட் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் குழம்பினார். ஜே என்ற பறவை தூக்கிப்போய் மண்ணில் புதைத்து, சிலதை எடுக்காமல் விடுகிறது, அதுதான் பெரிய காரணம். வட அமெரிக்காவின் ட்ரில்லியம் என்ற காட்டுப் பூச்செடியின் விதையை எறும்பு சில மீட்டர்தான் இழுக்கும், ஆனால் மான் தின்று கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போடும். சுமக்க ஆள் இருந்த செடி சீக்கிரம் வந்தது.

அதனால் உங்கள் கரையிலும் எந்தச் செடிக்கு விதை சுமக்க ஆள் இருக்கிறது என்று பாருங்கள். மகாங் மரம், செண்டுடுக் புதர், அத்தி இவற்றை நடவே வேண்டாம், கொண்டைக்குருவி கொண்டுவரும். லாலாங் புல்லை வெட்டிவிட்டு (கொளுத்தாதீர்கள்!) அங்கங்கே மூங்கில் கழி ஊன்றுங்கள், குருவி உட்கார்ந்து எச்சமிடட்டும். மகாங் நிழல் விழுந்தால் லாலாங் தானே அடங்கும்.

மெராந்தி என்ற பெரிய காட்டு மரம்தான் கஷ்டம். விதைக்கு இறக்கை இருந்தும் பெரும்பாலும் தாய்மரத்துக்குப் பக்கத்திலேயே விழுகிறது, பல வருடத்துக்கு ஒரு முறைதான் மொத்தமாகக் காய்க்கிறது, காயவைத்துச் சேமிக்கவும் முடியாது, செத்துவிடும். மரத்தடியில் முளைத்திருக்கும் சின்னக் கன்றுகளை மழை பெய்த மறுநாள் வேர் அறாமல் எடுங்கள். வனக் காப்பகம் என்றால் வன இலாகாவின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. இலைகளைப் பாதியாக நறுக்கி, பாலிபேக்கில் நட்டு, சில வாரம் பிளாஸ்டிக் போர்த்தி நிழலில் வையுங்கள். தாய்மரத்தடி மண் ஒரு கைப்பிடி கட்டாயம் சேருங்கள், அதன் வேருக்குத் துணையான பூஞ்சை அந்த மண்ணில்தான் இருக்கிறது, பலர் இதை விட்டுவிட்டுத்தான் கன்றைக் குறை சொல்கிறார்கள்.

காட்டு இஞ்சியைக் கடைசியில், நிழல் நன்றாகக் கூடின பிறகு, கிழங்கோடு ஒரு கொத்து பெயர்த்து வையுங்கள். அப்புறம் அந்தப் பக்கம் பூச்சிமருந்து அடிக்க விடாதீர்கள், அதன் பல வகைகளின் விதையை நகர்த்த எறும்பு வேண்டும்.